பவுண்டில் அடைபட்ட சன்னல்

எங்கள் தாய்மாமன்மார் இரண்டு பேரும் பங்கு பிரிந்தபோது, பிரிக்க முடியாமல் இரண்டு உருப்படிகள் மிஞ்சின. ஒன்று செவலை நாய். இன்னொன்று கம்ப்யூட்டர். நாய் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொண்டது. காலையில் பெரிய மாமா வீட்டில் கஞ்சி, சாயந்திரம் சின்ன மாமா வீட்டில் சோறு. கம்ப்யூட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் வள்ளித்தாய் அத்தைதான் ரொம்பப் பாடுபட வேண்டியதாயிற்று.

வள்ளித்தாய் அத்தை பெரிய மாமா அழகிரிசாமியின் மனைவி. பிறந்தது கயத்தாறுப் பக்கம், கிடை ஆடு வைத்திருந்த வீட்டில். கிடை என்றால், அறுப்பு முடிந்த நிலத்தில் ராத்திரி முழுக்க ஆட்டை அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். இன்றைக்கு இந்தக் காடு, நாளைக்கு அடுத்த காடு என்று ஆடும் குடும்பமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படி நகர்ந்த வீட்டில் பிறந்தும் அத்தை பன்னிரண்டாவது வரை படித்துவிட்டாள். நான் ஒரே வீட்டில், அதுவும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த வீட்டில் இருந்துகொண்டு, பதினொன்றாவதோடு நிறுத்தியவள். எங்கள் அம்மா சோறு போடும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவாள். நானும் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வேன்.

படிப்பு முடிந்ததும் அத்தை கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனாள். வேலை விட்டு வரும் வழியில் டைப் இன்ஸ்டிடியூட். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். விளாத்திகுளம் ரோட்டில் பஸ் நிற்கிற ஊர்தான். ஆனால் மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பும். அத்தை கொஞ்ச நாள் ஆட்டுக்குப் பின்னால் நடந்தாள். அதற்குள் சின்ன மாமா நந்தகோபாலுக்குக் கல்யாணமாகி, ராதாமணி அத்தை வந்து சேர்ந்தாள். அவள் கோவில்பட்டி டவுன்காரி, போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். ஒருத்திக்கு டைப் தெரியும், இன்னொருத்திக்குப் போட்டோ தெரியும். ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டார்கள். ஜெராக்ஸ், பட்டா அப்ளிகேசன், பயிர் இன்சூரன்ஸ், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் உண்டு. பக்கத்துச் செல்போன் கடை எங்கள் அப்பாவுடையது. நடுவில் தகரத் தடுப்பு. அதில் ஒரு ஓட்டை. ஓட்டை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு லேசாகத் தெரியும்.

அந்த ஓட்டை வழியாகத்தான் அவர்கள் வேலை பார்ப்பதைப் பார்ப்பேன். அத்தை டைப் அடித்தால் கம்பு விதைக்கிற மாதிரி இருக்கும். கையும் அலுங்காது, வரிசையும் பிசகாது. ராதாமணி அத்தை போட்டோவில் ஆளைச் சுற்றி இருப்பதை வெட்டியெடுத்து, கோழிக்கூட்டு முன்னால் நின்றவரைத் தாமரைக் குளத்துக்கு முன்னால் நிறுத்துவாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். "ராதாமணிகிட்ட ஒரு மத்தியானத்துல பேசுத பேச்ச, ஒங்க மாமாகிட்ட கல்யாணம் ஆனதுல இருந்து பேசிருக்க மாட்டேன் ஏட்டி" என்று அத்தை ஒரு நாள் சொன்னாள். ரொம்ப வருசம் கழித்து அத்தைக்குப் பிறந்த ப்ரியதர்ஷினி தவழ்ந்தது அந்தக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில். தவழாத நேரமெல்லாம் ராதாமணி அத்தை இடுப்பில்.

அப்புறம் கிடாய்ச் சண்டை வந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைச் சின்ன மாமா விற்றுவிட்டார் என்றார் பெரிய மாமா. விற்றது வேறு கிடாய், நேர்ந்தது இன்னும் நிற்கிறது என்றார் சின்ன மாமா. நின்ற கிடாயைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை. ஆடு பிரிந்தது, காடு பிரிந்தது, கிணற்றுக்கு முறை வைத்தார்கள். கடைசியாக ஊர்ப் பெரியவர் சோலைச்சாமி அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இத ரெண்டா அறுக்க முடியாது. வித்துப் பிரிச்சிருவோம்" என்றார்.

வள்ளித்தாய் அத்தை பிரிண்டரில் சாய்ந்துகொண்டு நின்றாள். "கிணத்த வித்தா அண்ணாச்சி பிரிச்சீங்க? முறை வச்சுல்லா குடுத்தீங்க. இதுக்கும் முறை வைங்க."

"கிணத்துத் தண்ணியில எவன் தண்ணி எவன் தண்ணின்னு பேரு கெடையாது" என்றார் பெரிய மாமா. "இதுல அவன் வேலையும் என் வேலையும் கலந்துருமே."

தடுப்பு ஓட்டை வழியாக நான் சொன்னேன்: "கலக்காம வரப்பு போடலாம் மாமா."

எல்லோரும் ஓட்டையைப் பார்த்தார்கள். நான் வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்தேன்.

விண்டோஸ் பட்டனையும் டேப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால், திறந்திருக்கிற விண்டோ எல்லாம் சின்னச் சின்னதாக வரிசை கட்டி நிற்கும். விண்டோவை எங்கள் ஊரில் சன்னல் என்றுதான் சொல்வோம். அதற்குக் கீழே புது டெஸ்க்டாப் சேர்க்கிற இடம் இருக்கிறது. சேர்த்தேன். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு டெஸ்க்டாப் ஆகிவிட்டது. ஒன்றில் திறந்த சன்னல் மற்றதில் தெரியாது. பெரிய மாமா பக்கத்துக்குப் படமாக ஒரு கிடாய், சின்ன மாமா பக்கத்துக்கு ஒரு ரோஜாப்பூ. மாறி மாறிக் காட்டினேன். சோலைச்சாமி அண்ணாச்சி வாயைத் திறந்தபடி குனிந்து மானிட்டருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"பேரு வையி" என்றார்.

பெரிய மாமாவின் டெஸ்க்டாப்புக்குப் 'பெரிய வீடு' என்று அடித்தேன். அடுத்ததுக்குச் 'சின்ன வீடு' என்று அடித்தேன். ராதாமணி அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஏட்டி! எம் பொண்டாட்டிய என்னன்னு எழுதுத?" என்று கத்தினார் சின்ன மாமா.

"அளவத்தான மாமா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, மேற்கே பெரிய மாமா, கிழக்கே சின்ன மாமா என்று, 'மேலக்காடு', 'கீழக்காடு' என மாற்றினேன்.

சோலைச்சாமி அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். காலையில் வள்ளித்தாய், மத்தியானச் சோற்றுக்கு மேல் ராதாமணி. இரண்டு பேரும் சேர்ந்து உட்காரக் கூடாது, பேசக் கூடாது. "ஒருத்தர் சன்னல் இன்னொருத்தர் காட்டுல மேஞ்சுதுன்னா, அன்னைக்கே கடைய வித்துப் பிரிச்சிரணும். சம்மதமா?"

மாமன்மார் இருவரும் சம்மதம் என்றார்கள். கடை போட்ட இருவரையும் யாரும் கேட்கவில்லை. ராதாமணி அத்தை போகும்போது ப்ரியதர்ஷினியை இடுப்பிலிருந்து இறக்கி மேசைமேல் உட்கார வைத்துவிட்டுப் போனாள். ஜெராக்ஸ் பேப்பர் கட்டை வைக்கிற மாதிரி மெல்ல வைத்தாள்.

கடையை விற்றால் வள்ளித்தாய் அத்தை மறுபடி ஆட்டுக்குப் பின்னால்தான். அவளுக்கு ஆட்டின்மேல் கோபம் கிடையாது. "ஆடு நல்லதுதான். ஆனா ஒண்ணும் திருப்பிப் பேசாதுல்லா" என்பாள்.

முறை வைத்த முதல் வாரமே கடை நொண்டியது. தங்கப்பாண்டி அண்ணாச்சி புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் பேனர் கேட்டார். காலை முறை. எழுத்தெல்லாம் முத்து முத்தாக அடித்த அத்தை, போட்டோவைத் தானே வெட்டினாள்.

"என்ன தாயி, எனக்கு ஒரு காதத்தான் காணோம்?"

"நீங்க சாஞ்சு நிக்கீங்க அண்ணாச்சி."

"கம்பம் மாதிரி நேரா நிக்கேன்!"

மத்தியான முறையில் ராதாமணி அத்தை ஒற்றை விரலால் பட்டா அப்ளிகேசன் அடித்தாள். வந்தவருடைய பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது. அவர் கண்டக்டருக்கு டாட்டா காட்டிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அத்தை ஓட்டை வழியாகக் கூப்பிட்டாள். "ஏட்டி பிரித்தி. இங்கன நிக்குத சன்னல அங்கிட்டுப் பத்த முடியுமா?"

பத்துவது என்றால் ஓட்டிக்கொண்டு போவது. ஆட்டைத்தான் பத்துவார்கள். ஆனால் அத்தை கேட்டது சரியான கேள்வி. "பத்தலாம் அத்தை" என்றேன். இரண்டு பட்டனை அமுக்கி, ஒற்றைக் காதுத் தங்கப்பாண்டி நின்ற சன்னலை மவுஸ் என்கிற எலியால் பிடித்து, கீழக்காட்டுக்கு மேல் கொண்டுபோய் விட்டேன். மேலக்காட்டில் அந்த இடம் காலியானது.

"கிடைப் படலத் தெறந்து விட்ட மாதிரி போயிட்டே!" என்றாள். அப்புறம் தானே ஒரு தடவை பத்திப் பார்த்தாள், திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடி பத்தினாள்.

மத்தியானம் ராதாமணி அத்தை வந்து உட்கார்ந்தாள். கூப்பிடாமல் வந்து நிற்கிற தங்கப்பாண்டியைப் பார்த்தாள். தகரத் தடுப்பைப் பார்த்தாள். நான் ஓட்டையை விட்டு விலகி ஒரு செல்போனை ரொம்ப அக்கறையாகத் துடைத்தேன். மறுநாள் காலையில் தங்கப்பாண்டி அண்ணாச்சி இரண்டு காதோடும் மேலக்காட்டில் நின்றார். பக்கத்தில் அடித்து முடிக்காத இன்சூரன்ஸ் பாரம் ஒன்றும் நின்றது, கூலிக்கு வந்த ஆள் மாதிரி.

"பேசக் கூடாதுன்னாங்க" என்றாள் அத்தை. "பேசலையே."

அதிலிருந்து சன்னல்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தன. எழுத்து கிழக்கே இருந்து மேற்கே வரும், முகம் மேற்கே இருந்து கிழக்கே போகும். கடை நிமிர்ந்தது. மத்தியானம் எழுந்து போகும் முன்னால் அத்தை எல்லாச் சன்னலையும் வரிசையாக நிறுத்தி விரலால் தொட்டு எண்ணுவாள். எது இங்கே நிற்க வேண்டும், எது அங்கே போக வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். கம்ப்யூட்டரை அணைக்க மாட்டார்கள், தூங்கத்தான் வைப்பார்கள்.

வேலை இல்லாத சன்னல்களும் போக ஆரம்பித்தன. அத்தை ப்ரியதர்ஷினியின் போட்டோ ஒன்றைத் திறந்து கீழக்காட்டில் நிறுத்திவிட்டுப் போவாள். அது கூலிங்கிளாஸும் மீசையும் வைத்துக்கொண்டு திரும்பி வரும். ஒரு நாள் தும்முகிற ஆட்டின் வீடியோவை, சத்தத்தை முழுசாக ஏற்றி, இரண்டு காட்டிலும் நான் நிறுத்திவைத்தேன். வள்ளித்தாய் அத்தை அதை ராதாமணி அனுப்பியதாக நினைத்துச் சிரித்தாள். ராதாமணி அத்தை அது அக்கா அனுப்பியது என்று நினைத்துச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் இருந்த சந்தோசத்தைப் பார்த்து, நான்தான் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் ப்ரியதர்ஷினிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். பேனரில் யார் யார் பேர் வர வேண்டும் என்று பெரிய மாமா கடை வாசலில் நின்று சொல்லச் சொல்ல, அத்தை அடித்தாள். தாய்மாமன் பேர், பெரியப்பா முறையில் நாலு பேர், சோலைச்சாமி அண்ணாச்சி பேர்கூட வந்தது. சித்தப்பா என்ற வரி வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் அத்தை.

"அவ்வளவுதான்."

பிள்ளை நேராகப் பார்த்துச் சிரிக்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்தப் பொங்கலுக்கு முந்தின பொங்கலில் எடுத்தது. ரோஸ் கவுன் போட்டுக்கொண்டு ராதாமணி அத்தை இடுப்பில் இருந்தது. அதிலிருந்து பிள்ளையை மட்டும் எடுக்க வேண்டும், ராதாமணியை வெட்டிவிட வேண்டும். வெட்டத் தெரிந்தவளும் ராதாமணிதான்.

அத்தை ரொம்ப நேரம் எலியைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அந்தச் சன்னலைக் கிழக்கே பத்தினாள். அன்றைக்கு எண்ணிப் பார்க்காமல் எழுந்து போனாள்.

மத்தியானம் ராதாமணி அத்தை ஓட்டையில் ஒரு காலண்டர் அட்டையைச் செருகிவிட்டு வேலை பார்த்தாள். அட்டை ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதுவே எனக்குப் போதும். பிள்ளையின் தலைமுடியை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து வெட்டிக்கொண்டிருந்தாள். தன் தோளை வெட்டினாள், தன் முகத்தை வெட்டினாள். ஒரு இடத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது. படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். பிறகு அப்படியே மேலக்காட்டுக்குப் பத்திவிட்டு, கடையைச் சாத்திவிட்டுப் போனாள்.

பெரிய மாமா தினம் காலையில் ஆட்டைத் திறந்துவிட்ட கையோடு கடைக்கு வருவார். வரப்பைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் மாதிரி மானிட்டருக்கு முன்னால் நின்று, "காட்டக் காட்டு" என்பார். அவர் வருவதற்குள் அத்தை கீழக்காட்டு வாடை இல்லாமல் துப்புரவாக்கி வைத்துவிடுவாள். மறுநாள் மாமா சீக்கிரமே வந்துவிட்டார். அத்தை கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, பிள்ளையை அங்கன்வாடியில் விடப் போயிருந்தாள்.

"ஏட்டி, காட்டக் காட்டு."

காட்டினேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த மாமா, மூக்கு மானிட்டரில் முட்டுகிற மாதிரி குனிந்தார்.

"இது என்ன ரோஸ் கலர்ல நிக்குது?"

ராதாமணி அத்தை பெரிசாக்கி வைத்த இடம் அது. ரோஸ் துணியும் நாலு விரலும் தவிர வேறொன்றும் தெரியாது. "சன்னல் மாமா" என்றேன்.

"சன்னல்னு எனக்குத் தெரியாதா? போட்டோ வெட்டுத சன்னல்லா இது! நம்ம வீட்டுல எவ போட்டோ வெட்டுதா? இது கீழக்காட்டு உருப்படி." அவர் குரலில் கோபத்தைவிடச் சந்தோசம்தான் அதிகமாக இருந்தது. "மேஞ்சுட்டான் பாத்தியா!"

உங்கள் பிள்ளை போட்டோதான் மாமா என்று சொன்னால், அது ஏன் கிழக்கே போய் வந்தது என்று கேட்பார். சொல்லாவிட்டால் கீழக்காட்டு மேய்ச்சல். எப்படிப் போனாலும் கடை விற்பனைக்கு. "மூடிரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மூடாத! சாட்சி." கம்பைத் தரையில் ஊன்றி யோசித்தார். "ஏட்டி, இதுல பவுண்டு உண்டா?"

அடுத்தவன் வெள்ளாமையில் மேய்ந்த ஆடுமாட்டைப் பிடித்து அடைக்கிற இடம்தான் பவுண்டு. எங்கள் ஊர்ப் பவுண்டுச் சுவர் இடிந்து எருக்கு முளைத்துவிட்டது. ஆனாலும் ஆடு மேய்க்கிற எவரும் அதை மறக்க மாட்டார்கள். மாமா சின்ன வயசில் பவுண்டு வாசலில் நின்று அழுதவர். இன்னொருத்தன் உயிரை ஒரு நாளாவது உள்ளே அடைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்காதா?

"உண்டு மாமா" என்றேன். மூன்றாவது டெஸ்க்டாப் ஒன்றைச் சேர்த்து, 'பவுண்டு' என்று பேர் அடித்து, அந்தச் சன்னலைப் பிடித்து உள்ளே விட்டேன்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சோலைச்சாமி அண்ணாச்சிக்குப் போன் போட்டார். "பவுண்டுல அடைச்சாச்சு. உடமக்காரன் நேர்ல வந்து கேட்டாத்தான் விடுவேன்னு சொல்லுங்க." பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குக் காவல் உட்கார்ந்தார்.

அத்தை திரும்பி வந்தாள். மாமாவைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு சன்னல் பவுண்டுக்குப் போயிட்டு அத்தை" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பட்டனாக, இடுக்கில் விரல் விட்டுத் துடைத்தாள்.

"என்னத்த இப்ப தொடைக்க?" என்றார் மாமா.

"விக்கதுக்கு முன்னால மாட்டக் கழுவுவாங்கல்லா" என்றாள்.

சின்ன மாமா வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் ராதாமணி அத்தை. அதற்குப் பின்னால் துண்டைச் சரி பண்ணிக்கொண்டு சோலைச்சாமி அண்ணாச்சி. பங்கு பிரிந்ததற்கப்புறம் அண்ணன் தம்பி இவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான். கடை அவ்வளவுதான் அகலம்.

"அண்ணாச்சி, எந்தச் சன்னல்னு அவியகிட்ட கேளுங்க" என்றார் சின்ன மாமா.

"அண்ணாச்சி, எங்காட்டுல நொழஞ்ச சன்னல்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்றார் பெரிய மாமா.

"ரெண்டு பேரும் எஞ்செவியிலதானடே கத்துதீங்க" என்றார் சோலைச்சாமி அண்ணாச்சி. "ஏட்டி, உருப்படிய வெளிய விடு. அடையாளம் பாப்போம்."

பவுண்டைத் திறந்து சன்னலை முழுசாகக் காட்டினேன். ரோஸ் துணியும் விரல்களும். "இது எந்த இனம்?" என்றார் அண்ணாச்சி. நான் எலிச் சக்கரத்தை மெல்ல உருட்டினேன். படம் சிறிசாகச் சிறிசாக, கவுன் வந்தது, கவுனுக்குக் கீழே கொலுசு மாட்டாத கால் ஒன்று மடங்கி வந்தது, கை வந்தது, கடைசியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ப்ரியதர்ஷினி வந்தாள். நெற்றியில் பறந்த முடிகூட ஒன்று விடாமல் இருந்தது.

எல்லோரும் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்கள். ரோட்டில் லாரி ஒன்று போனது.

"இது எங்க சன்னல் இல்ல" என்றார் சின்ன மாமா. "ஒங்க பிள்ளயத்தாண்ணே நீங்க பவுண்டுல அடைச்சு வச்சிருக்கிய."

நேராக அண்ணனிடமே பேசிவிட்டார். பேசியது அவருக்கே தெரியவில்லை.

பெரிய மாமா கம்பைச் சுவரில் சாத்தினார். "யாரு வெட்டுனது?"

"நான்தான் அத்தான்" என்றாள் ராதாமணி அத்தை.

"யாரு குடுத்தா?"

"நான்தான் பத்தி விட்டேன்" என்றாள் வள்ளித்தாய் அத்தை. "இது மட்டுமில்ல. ரொம்ப நாளாப் பத்துதேன்."

சோலைச்சாமி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அப்ப பேசுன பேச்சுப்படிக்கு..."

"வித்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் அத்தை. குரல் உயரவே இல்லை. "ஆனா பேனர முடிச்சிட்டு விப்போம். என்னால வெட்ட முடியாது. நான் வெட்டுனா ஒரு காது போயிரும். காது குத்துத வீட்டுல காதில்லாத பிள்ளைய எப்பிடிப் பேனர்ல போட?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய மாமா சிரிக்கவில்லை. அவர் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி, பிள்ளையின் இடுப்பைத் தொட்டார்.

"இது யாரு கை?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். ஆள் இல்லாமல் ஒரு கை மட்டும் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி நின்றது. கண்ணாடி வளையலோடு.

"எங் கைதான் அத்தான்" என்றாள் ராதாமணி அத்தை. "அத மட்டும் எடுக்க முடியல. எடுத்தா கவுனும் சேந்து போவுது. பிள்ள இடுப்புல ஓட்டையாயிரும்." மானிட்டரில் அந்த இடத்தை விரலால் மறைத்துக் காட்டினாள்: "பூ ஏதாவது ஒண்ண மேல வச்சு மறைச்சிரலாம்."

பெரிய மாமா மீசையைத் தடவினார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். "வெறுங்கை நிக்குது. பாக்க நல்லாவா இருக்கு?" என்று யாரையோ வைவது மாதிரி சொன்னார். "பூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஆள வரச் சொல்லு."

யாருக்கும் விளங்கவில்லை.

"வெட்டுன ஆளத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுதேன். முடியுமா முடியாதா?"

வள்ளித்தாய் அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள். அது காலை முறை. ராதாமணி அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பட்டனை அமுக்க அமுக்க, வளையல் கைக்கு முழங்கை வந்தது, தோள் வந்தது, பச்சைச் சேலை வந்தது, கடைசியில் முகம் வந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற முகம். கேமராவைப் பார்க்கவே இல்லை.

"அப்ப என்னைய?" என்றார் சின்ன மாமா. "எம் பொண்டாட்டிய மட்டும் நிறுத்தினா ஊர்ல என்ன கேப்பாங்க?"

பெரிய மாமா அவரைத் திரும்பிப் பார்க்காமல் அத்தையிடம் சொன்னார்: "சித்தப்பான்னு ஒரு வரி அடி. இவன் போட்டோ மீசை ஒழுங்கா இருக்குத மாதிரி ஒண்ணு இருந்தா போடு. இல்லன்னா பேரு மட்டும் போதும்."

"எம் மீசைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அதான் சொல்லுதேன்."

சோலைச்சாமி அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து, "கடை விக்க விசயம்?" என்று மறுபடி எடுத்தார். தீர்ப்புச் சொன்னவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பெரிய மாமா கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைக்கு இன்னும் எத்தன பேனர் அடிக்க வேண்டியதிருக்கு" என்றார். "அதுக்கெல்லாம் கோவில்பட்டிக்கா அலைய முடியும்? கெடக்கட்டும். ஆடு ஆடாப் பிரிஞ்சே இருக்கட்டும். காடும் அப்படியே இருக்கட்டும். கடைய விட்டுருங்க."

அண்ணாச்சி சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா தன் செல்போனில் மீசை ஒழுங்காக இருக்கிற போட்டோ தேடிக்கொண்டிருந்தார். "ம்" என்று மட்டும் சொன்னார்.

"ஏட்டி பிரித்தி" என்றாள் வள்ளித்தாய் அத்தை. "மொதல்ல அந்தப் பவுண்ட மூடு."

மூடினேன். ஒரு டெஸ்க்டாப்பை மூடினால் உள்ளே நிற்கிற சன்னல் செத்துப் போகாது. பக்கத்தில் இருக்கிற டெஸ்க்டாப்புக்குப் போய் நின்றுகொள்ளும். பிள்ளையும் சித்தியும் கீழக்காட்டுக்குப் போய் நின்றார்கள்.

"அதையும் மூடு" என்றாள்.

கீழக்காட்டையும் மூடினேன். ரோஜாப்பூ போனது. அங்கே நின்ற சன்னல் எல்லாம் திமுதிமுவென்று மேலக்காட்டில் வந்து விழுந்தன. பட்டா, இன்சூரன்ஸ், யாரோ ஒருவருடைய ஆதார், பாதி வெட்டிய மாப்பிள்ளை, பால்காய்ப்பு, கூலிங்கிளாஸ் போட்ட ப்ரியதர்ஷினி. கிடாய்ப் படம் தெரியவே இல்லை.

"அக்கா, இம்புட்டுச் சன்னலா தெறந்து வச்சிருந்தீங்க? கம்ப்யூட்டர் எப்பிடி ஓடும்?"

"பாதி ஒன்னது ஏட்டி. மாப்பிள்ளைய எவ தெறந்தா? நானா?"

"மாப்பிள்ள நேத்து வந்தவரு. அவரத் தொடாதீங்க, இன்னும் காது வெட்டல."

"நீ வெட்டு. நான் எங்க தொடுதேன்?"

அத்தை பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டு அவள் பக்கம், எலி ராதாமணி அத்தை பக்கம். ஒருத்தி சித்தப்பா வரியை அடிக்க, மற்றவள் சித்தப்பாவின் மீசை ஓரத்தை வெட்ட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விட்டுப்போன நாள் பேச்செல்லாம் சேர்ந்து வந்தது. அவர்களுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் அந்த மீசை கோயில் வாசல் தூரத்துக்குத் தெரியுமா தெரியாதா என்று மானிட்டரைத் தொட்டுத் தொட்டுச் சண்டை போட்டார்கள். அண்ணாச்சி பெஞ்சில் இருந்தபடியே தன் பேரை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் எங்கள் கடைக்குத் திரும்பி வந்து, ஓட்டையில் செருகியிருந்த காலண்டர் அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். செல்போனுக்குச் சார்ஜர் வாங்க வந்து நின்றவர் தடுப்பைப் பார்த்துக் கேட்டார்:

"அங்கன என்ன பெரிய சண்டையா நடக்குது?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "பேனர் அடிக்காங்க."